சிட்டுவின் வலது முன்னங்கால்

கடப்பாக்கம்
12.6.2002

மார்கரெட் அம்மா அவர்களுக்கு,

சைஸ் தாமோதரன் எழுதுவது. பெயரைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் படித்துவிட்டுக் கிழியுங்கள். முகவரியை நம் பழைய லாயத்து ஏசுதாஸிடம் வாங்கினேன். அவர்மேல் கோபப்பட வேண்டாம். மூன்று முறை மாட்டேன் என்றுதான் சொன்னார்.

ரேஸ் மைதானத்தில் குதிரை பார்க்கிற சைஸ் வேலையை நான் அந்த 93-ஆம் வருஷமே விட்டுவிட்டேன். பிறகு செங்கல்பட்டில் ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்தேன். இப்போது நான்கு வருஷமாகக் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் வேலை. ஓடி முடித்த பந்தயக் குதிரைகளைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் இது. சங்கரி அம்மா என்று ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர் நடத்துகிறார்கள். சவுக்குத் தோப்புக்கு நடுவில் பதினான்கு ஏக்கர், பதினோரு குதிரைகள். இங்கே யாரும் அவற்றின்மேல் ஏறுவதில்லை. காலையில் அவிழ்த்துவிடுவோம், சாயங்காலம் கட்டுவோம்.

போன மார்ச்சில் லாரியில் ஒரு பெட்டைக் குதிரை வந்தது. பின்கதவை இறக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சிட்டு. பந்தயத் தாளில் அதன் பெயர் ப்ளூ லாந்தர். பெஞ்சமின் தம்பி கடைசியாக ஏறிய குதிரை. இத்தனை வருஷம் குட்டி போடுவதற்காக வேறு ஊரில் வைத்திருந்து, இனி முடியாது என்றதும் இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரை பார்க்க ஆட்கள் வருவார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு லாயத்தின் முன்னும் ஒரு பலகை உண்டு. பெயர், வயது, எங்கே ஓடியது, எதனால் நிறுத்தினார்கள் என்று எழுதியிருக்கும். சிட்டுவுக்கு எழுத உட்கார்ந்தபோது, சங்கரி அம்மாவிடம் இருந்த பழைய பத்திரிகைத் துண்டில் ஜாக்கி இறந்த செய்தி இருந்தது. "இதை எழுதலாமா தாமோதரன்? மறைக்கறதும் நல்லா இல்ல" என்றார்கள். "அவர் சம்சாரத்தக் கேக்காம எழுதக் கூடாதும்மா" என்றேன்.

அதுதான் கேள்வி. எழுதலாமா, வேண்டாமா? இரண்டு வரி பதில் போதும்.

தாமோதரன்


கல்பாக்கம்
25.6.2002

திரு. தாமோதரன்,

எழுத வேண்டாம். என் கணவர் பெயரோ, ஒரு ஜாக்கி இறந்தார் என்பதோ அந்தப் பலகையில் வரக் கூடாது. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். விசாரணை முடிவு என்று எனக்கு ஒரு தாள் வந்தது. "குதிரை ஓட்டியவரின் கணிப்புப் பிழை" என்று அதில் இருக்கிறது. அதை நான் நம்பவில்லை. அன்று ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை பேர் முன்னால், "இந்த ஆள்தான் என் புருஷனைக் கொன்னான்" என்று உங்களைக் காட்டிச் சொன்னேன். குதிரைக்கு ஏதோ இருந்திருக்க வேண்டும், அது தினமும் அதன் காலைத் தொடுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அந்தச் சொல்லை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை. அன்று உங்களை அடித்த என் கணவரின் அண்ணன் தேவசகாயம், இன்றும் உங்கள் பெயர் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் இங்கே டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஜாய்ஸ் எட்டாவது படிக்கிறாள். அப்பா விபத்தில் இறந்தார் என்பது வரைதான் அவளுக்குத் தெரியும்.

அந்தக் குதிரை உயிரோடு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இனி எழுத வேண்டாம்.

மார்கரெட் பெஞ்சமின்


கடப்பாக்கம்
8.7.2002

மார்கரெட் அம்மா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். பலகை முடிந்த விவரத்தைத் தெரிவிக்க இந்த ஒன்று மட்டும்.

"ப்ளூ லாந்தர். பதின்மூன்று வயது. ஒன்பது பந்தயம் ஓடி இரண்டில் முதலாவது. நான்கு குட்டிகளுக்குத் தாய். கேரட் பிடிக்கும்." இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. கடைசி வரி சிறுபிள்ளைகளுக்காகச் சங்கரி அம்மா சேர்த்தது.

அந்த விசாரணைத் தாளை நான் பார்த்ததில்லை. என்னை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை, நானாகவும் போகவில்லை. ஆனால் தம்பிக்குக் கணிப்புப் பிழை என்று எழுதியிருந்தால் அது பொய். அந்த மைதானத்தில் கையை இறுக்காமல் குதிரையை வளைக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அதில் ஒருவர் அவர்.

நீங்கள் என்னைச் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நீங்களாகக் கேட்டால் சொல்வேன். கேட்காமல் சொல்லமாட்டேன்.

தாமோதரன்


கல்பாக்கம்
3.9.2002

திரு. தாமோதரன்,

வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது அழைத்துப் போவார்கள். மாமல்லபுரம் எல்லோரும் பார்த்தாயிற்று, முதலைப் பண்ணையும் பார்த்தாயிற்று என்று, இந்த முறை ஆலம்பரைக் கோட்டையும் உங்கள் குதிரைப் பண்ணையும் என்று முடிவு செய்துவிட்டார்கள். செப்டம்பர் 21, சனிக்கிழமை. இரண்டு பஸ். கூடப் போகிற நான்கு பேரில் நானும் ஒருத்தி. உடம்பு சரியில்லை என்று நான் விலகிக்கொள்ளலாம். ஆனால் ஜாய்ஸ் போவாள். அவளை அங்கே தனியாக அனுப்ப எனக்கு விருப்பம் இல்லை.

அன்று நீங்கள் பண்ணையில் இருக்க வேண்டாம். சங்கரி அம்மாவிடம் என்ன காரணம் சொல்வீர்களோ, சொல்லிக்கொள்ளுங்கள். நான் யார் என்பதை அவர்களிடமோ வேறு யாரிடமோ சொல்லக் கூடாது.

மார்கரெட் பெஞ்சமின்


கடப்பாக்கம்
10.9.2002

மார்கரெட் அம்மா அவர்களுக்கு,

அன்று நான் மதுராந்தகம் போய்விடுகிறேன். புல்லுக்கு ஆள் பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை அன்றைக்கு வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் கிளம்பிய பிறகுதான் திரும்புவேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வெயிலாக இருந்தாலும் பிள்ளைகள் குடை விரிக்க வேண்டாம். சில குதிரைகள் மிரளும். சிட்டு மிரளாது. அது நான்காவது லாயத்தில் இருக்கும், நெற்றியில் வெள்ளையாக ஒரு கோடு. பார்க்க விருப்பம் இல்லாவிட்டால் மூன்றோடு திரும்பிவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தாமோதரன்


கல்பாக்கம்
28.9.2002

திரு. தாமோதரன்,

சொன்னபடியே நீங்கள் அன்று பண்ணையில் இல்லை. அதற்கு நன்றி.

நடந்ததைச் சொல்கிறேன். நான் மூன்றாவது லாயத்தோடு நின்றுவிட்டேன். பிள்ளைகள் நிற்கவில்லை. நான்காவதில்தான் கூட்டம் அதிகம். கேரட் பிடிக்கும் என்று பலகையில் படித்துவிட்டு எல்லோரும் கேரட் கேட்டார்கள். ஜாய்ஸ் உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுத்தாள். அது தின்றுவிட்டு அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நகராமல் நின்றது. "ஏய், சட்டையெல்லாம் எச்ச பண்ணுது" என்று சிரித்தாள். நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அது ஒரு வயதான குதிரை, அவ்வளவுதான்.

பிறகு சங்கரி அம்மா பிள்ளைகளை உட்கார வைத்து, பந்தயக் குதிரைக்கு என்னென்ன அடிபடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கே எந்த வருஷம் என்றெல்லாம் சொல்லவில்லை. ஒவ்வொரு குதிரையோடும் பழைய லாயத்தின் நோட்டு ஒன்று வரும் போலிருக்கிறது. சிட்டுவுடைய நோட்டைக் காட்டி, "பாருங்க, இதோட வலது முன்னங்கால் சூடா இருந்திருக்கு. காலு சூடா இருந்தா உள்ள தசைநார் புண்ணாகியிருக்குன்னு அர்த்தம். ரெண்டே நாள்ல அதை ஓட விட்டிருக்காங்க" என்றார்கள். பிள்ளைகள் பார்த்து முடித்ததும் நானும் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

7.1.93. வலது முன்னங்கால் சூடு. ஈரத்துணி கட்டியது.

அது உங்கள் கையெழுத்து. உங்கள் மூன்று கடிதமும் என்னிடம் இருப்பதால் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் இறந்தது ஒன்பதாம் தேதி.

கேட்டால் சொல்வேன் என்று எழுதியிருந்தீர்கள். கேட்கிறேன்.

மார்கரெட் பெஞ்சமின்


கடப்பாக்கம்
6.10.2002

மார்கரெட் அம்மா அவர்களுக்கு,

மார்ச்சில் சிட்டு வந்தபோதே அந்த நோட்டைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்க ஒரு நிமிஷம் ஆகாது. கிழிக்கவில்லை.

1993 ஜனவரி ஏழு, வியாழக்கிழமை. காலையில் ஓட்டம் முடிந்து வந்த சிட்டுவின் காலைத் தடவிப் பார்த்தபோது வலது முன்னங்காலில் முட்டிக்குக் கீழே சூடு தெரிந்தது. வீக்கம் இல்லை. ட்ரெய்னரிடம் சொன்னேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஈரத்துணி கட்டு, எறங்கிடும். டாக்டருகிட்ட போயி ஒளறாத" என்றார். கட்டினேன். வெள்ளிக்கிழமை கொஞ்சம் இறங்கியது. சனிக்கிழமை காலையில் மறுபடியும் சூடு.

மத்தியானம் சேணம் வைக்கும்போது தம்பியிடம் சொன்னேன். அவர் சிட்டுவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இதுதான். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"அண்ணாத்த, மூணு வாரமா எனக்கு ஒரு குதிர குடுக்கல. இதுல ஏறமாட்டேன்னா அடுத்த சீசன் வூட்லதான். கேட்டு வரிக்கும் ஓட்டிப் பாக்கறேன். சரியில்லன்னா உனக்கு சைகை காட்டறேன். நீ டாக்டராண்ட சொல்லு."

ஓட்டம் தொடங்குகிற கேட்டில் டாக்டர் ஒருவர் எப்போதும் நிற்பார். அவரிடம் குதிரைக்காரன் கை தூக்கிச் சொன்னால் குதிரையை வெளியே எடுத்துவிடுவார்கள். தம்பி கேட் வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். நான் வேலியோரமாகவே நடந்து போனேன். சிட்டு நான்கு எட்டுக்கு ஒருமுறை, கால் வலிக்கிற குதிரை செய்கிறபடி, தலையை மேலே தூக்கியது. சேணத்தில் இருக்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சைகை எதுவும் காட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நானாகக் கையைத் தூக்கியிருக்கலாம். டாக்டர் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். தூக்கவில்லை. ட்ரெய்னர் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயமும் இருந்தது, தம்பியின் சவாரியைக் கெடுத்தவன் ஆகக் கூடாது என்பதும் இருந்தது. எது அதிகம் என்று பத்து வருஷமாக யோசிக்கிறேன்.

கடைசி வளைவில் அந்தக் கால் மடங்கியது. பின்னால் வந்த குதிரைகளுக்கு விலக இடமில்லை. மீதி உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் சொன்னபோது நான் பதில் பேசாததற்குக் காரணம் இதுதான். தேவசகாயம் அடித்தபோது கையை எடுத்துத் தடுக்காததற்கும் இதுதான் காரணம்.

தாமோதரன்


கல்பாக்கம்
14.12.2002

தாமோதரன் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் உங்களைப் பற்றியே எழுதினேன். நீங்கள் கையைத் தூக்கியிருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்தேன். நான் எழுத வேண்டியது வேறு ஒன்று.

சனிக்கிழமை மத்தியானம் நீங்கள் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் சிட்டுவைப் பழக்க ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனவர் அவர்தானே. அன்று சாயங்காலம் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "சிட்டு காலு ஒரு மாதிரி கீது மார்கரெட். வளைவுல தாங்காதுன்னு தோணுது. வேணாம்னு சொல்லிடவா?" என்று கேட்டார்.

என்னைக் கேட்டார், அண்ணா. அவர் என்னிடம் குதிரையைப் பற்றிக் கேட்டது அந்த ஒரே முறைதான்.

அந்த மூன்று வாரம் அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. பேசமாட்டார். எடை ஏறிவிடும் என்று சாப்பிடமாட்டார். ஜாய்ஸ் மேலே வந்து ஏறினால் தள்ளிவிடுவார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எனக்கு அலுத்துவிட்டது. முறத்தைக் கீழே வைக்காமலே, "போய் ஓட்டுங்க. இன்னொரு வாரம் இந்த மூஞ்சிய என்னால பாக்க முடியாது" என்றேன். சரி என்று எழுந்து போய் பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி வாசலில் உங்களைக் கண்டதும் அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. யாராவது ஒருவர் காரணமாக இருந்தாக வேண்டும் என்று இருந்தது. நீங்கள் முதலில் எதிரே வந்தீர்கள். மறுப்பீர்கள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அதனால் நான் சொன்னதை நானே நம்பத் தொடங்கினேன். பாதி நாள் உண்மையாகவே நம்பினேன். மீதி நாள்களில் அந்த முறம் கண்ணில் தெரியும்.

உங்களைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இதை உங்களுக்கு மட்டும் எழுதினால் போதாது, ஊர் முன்னால்தானே சொன்னேன். டிசம்பர் முதல் ஞாயிறு செங்கல்பட்டுக்குப் போய் தேவசகாயம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, உங்கள் கடிதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லாம். காபி குடித்துக்கொண்டே கேட்டவர், பாதியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கடைசிவரை என்னைப் பார்க்கவே இல்லை. "இத்தன வருசம் என்னை இன்னாவா ஆக்கி வச்சிருந்த நீ?" என்று கேட்டார். கதவைத் திறந்துவிட்டார், கிளம்பி வந்துவிட்டேன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஜாய்ஸைப் பார்க்க வருகிறவர். இந்த வருஷம் வரமாட்டேன் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

ஜாய்ஸிடமும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "கேரட் குடுத்தேனே, அதுவா?" என்றாள். ஆமாம் என்றேன். "நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கணக்கு நோட்டு வாங்க வேண்டும் என்று பேசினாள். இதற்குமேல் அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை.

மன்னிப்பு என்று எழுதினால் நீங்கள் அதற்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை.

மார்கரெட்


கடப்பாக்கம்
20.1.2003

தங்கச்சி மார்கரெட்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழையபடி தங்கச்சி என்று எழுதியிருக்கிறேன், நீ அண்ணா என்று எழுதிவிட்டதால். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. நீ போகாதே என்று சொல்லியிருந்தாலும் தம்பி ஏறியிருப்பார் என்று எழுதலாம். ஏறியிருக்கமாட்டார் என்றும் எழுதலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

இப்போது எழுதுவது வேறு ஒரு விஷயம். காணும் பொங்கல் அன்று தேவசகாயம் இங்கே வந்தார்.

அன்றைக்கு மாமல்லபுரம், கோவளம் என்று ஜனம் எல்லாம் கடற்கரைக்குப் போகிற நாள். பஸ்ஸில் நிற்க இடம் இருந்திருக்காது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நான் சிட்டுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்தது எனக்குத் தெரியாது. என் இடது பக்கம் நின்று ஏதோ சொல்லியிருக்கிறார். மறுபடியும் மறுபடியும் சொல்லியிருக்கிறார். நான் பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினேன். பார்த்ததும் வாளி கையிலிருந்து நழுவிவிட்டது. மறுபடி அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"மூணு தரம் சொன்னேன். காது கேக்காதா?" என்றார்.

"இந்தப் பக்கம் கேக்காதுண்ணா" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

உனக்கு நான் இதை எழுதியதில்லை. எழுதியிருந்தால், உன்னிடம் ஏதோ கேட்கிற மாதிரி இருந்திருக்கும். அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் அடித்த அடி காதோடு பட்டது. ஒரு வாரம் உள்ளே இரைச்சலாக இருந்தது. பிறகு இரைச்சலும் இல்லை. டாக்டரிடம் காட்டினேன், சவ்வு போய்விட்டது என்றார்.

அவரிடம் பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வயசாச்சு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இந்தக் கதையில் ஏற்கெனவே போதுமான பேர் பேசாமல் இருந்தாயிற்று. "தொண்ணூத்தி மூணுலேர்ந்து" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் வைத்திருந்த பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை கை மாற்றினார். நான் வாளியை எடுத்துத் தண்ணீர் பிடித்தேன். சிட்டு தலையை உதறியது, இரண்டு பேர் மேலும் தண்ணீர் தெறித்தது. அவர் முகத்தைத் துடைக்கவில்லை. நான் நின்ற இடத்துக்கும் லாயத்துச் சுவருக்கும் நடுவில் ஆள் நுழைய வழியில்லை. என் கேட்கிற பக்கத்துக்கு வர, அவர் குதிரைக்குப் பின்பக்கமாகச் சுற்றப்போனார். "அந்தப் பக்கம் வேணாம்ணா, ஒதைக்கும்" என்றேன். சரி என்று நின்றார். பிறகு சிட்டுவின் முகத்துக்கு எதிரே, சேற்றில் செருப்பு புதையப் புதைய, மெதுவாகச் சுற்றி நடந்து வந்து என் வலது பக்கம் நின்றுகொண்டார். கேட்காத பக்கத்தில் நின்று முதலில் சொன்னதை, "ஒன்ன அடிச்சது தப்புப்பா" என்று அங்கிருந்து மறுபடியும் சொன்னார்.

தாமோதரன்